கடல் கொள்ளைக்காரருக்கு வைத்த மஞ்சள்

சங்கத்து ஆண்டு மலரில் உழைத்துப் பிழைத்தவர்களின் அனுபவம் என்று சில பக்கங்கள் ஒதுக்குகிறார்கள். போன மலரில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு முந்தியதில் ரயில்வே சிக்னல்காரர். இந்தத் தடவை பெண்கள் யாராவது எழுதட்டும் என்று முடிவாகி, செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். என்ன வேலை பார்த்தீர்கள் அக்கா என்று கேட்டார். கடல் கொள்ளைக்காரர்களுக்கு உடுப்புத் தைத்தேன் என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது.

பொய் சொல்லவில்லை. வெளிநாட்டில் ஒரு கூட்டம் இருக்கிறது. வாரம் முழுக்க ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போகிற சாதாரண ஆட்கள். லீவு வந்தால் முன்னூறு வருஷத்துக்கு முந்திய மாலுமியாகவும் கொள்ளைக்காரனாகவும் உடுத்திக்கொண்டு, பழைய துறைமுகம், பழைய கப்பல் பக்கம் கூடாரம் போட்டு அந்தக் காலத்து மாதிரி வாழ்ந்து பார்ப்பார்கள். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. உடுப்பில் மெஷின் தையல் கூடாது, ஜிப் கூடாது, பிளாஸ்டிக் பொத்தான் கூடாது. நுழைவாயிலிலேயே ஒருவர் நின்று மடிப்பைப் புரட்டிப் பார்த்து, சரியில்லை என்றால் வெளியே நிறுத்திவிடுவாராம். அப்படிப்பட்டவர்களுக்கு, முழுக்க முழுக்கக் கையால், ரங்கூன் தாமுவேயில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறையில் உட்கார்ந்து நாங்கள் தைத்தோம். போன மழைக்காலம் வரைக்கும் தைத்தேன். கண்ணில் புரை வந்த பிறகு விட்டுவிட்டேன்.

எனக்குத் தமிழ் எழுத்து கோயில் வகுப்பில் கற்றது. பேச ஆரம்பித்தால் பாதி பர்மிய மொழி கலந்துவிடும். தப்பிருந்தால் திருத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்; விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

தையல் எனக்குப் பழைய தொழில். கல்யாணத்துக்கு முன்பே ரவிக்கையும் பள்ளிக்கூட யூனிபார்மும் தைத்தவள். பிறகு ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் காலர் பிரிவில் சேர்ந்தேன். காலர், காலர், காலர் மட்டும்தான். இந்தச் சட்டையின் மற்ற பாகமெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது, யார் போடுகிறார்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். ஒரு தடவை கேட்டால் சிரித்தார், அடுத்த தடவை முறைத்தார், அப்புறம் சீட்டைக் கிழித்துவிட்டார். என் வாய் அப்படி. வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது, ஒனக்கு மூக்கு எதுக்கு வச்சிருக்கான், அடுத்தவன் வீட்டுல நுழைக்கவா என்பார்.

அந்த நேரத்தில்தான் டெய்சி வந்து கூப்பிட்டாள். டெய்சி எங்கள் தெருக் கிறிஸ்தவப் பெண். அவள் தாத்தா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவர். இங்கிலீஷ் நன்றாக வரும். டோ கின் மே என்ற பர்மிய அம்மா நடத்தும் தையற்கூடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பதில் எழுதும் வேலை அவளுக்கு. கைத்தையல் தெரிந்த ஆள் வேண்டும், வா என்றாள்.

டோ கின் மே ஒல்லியான அம்மா. சிறுவயதில் கன்னியாஸ்திரிகளிடம் கைத்தையல் கற்றவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதேயில்லை, ஆனால் அவர் அறைக்குள் வந்தால் முதுகு தானாக நிமிரும். அவர் வழக்கம் ஒன்று உண்டு. நாம் முடித்துக் கொடுத்த உடுப்பை வெளிப்பக்கம் பார்க்கவே மாட்டார். உள்பக்கம் வெளியே தெரியும்படி முழுக்கப் புரட்டுவார். ஜன்னலோரம் கொண்டுபோய், தையல் நெடுகக் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வருவார். எல்லாம் சரியென்றால் மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். சரியில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். புரட்டியபடியே நம் முன்னால் விரித்து வைத்துவிட்டு, கீழே டீக்கடைக்குப் போய்விடுவார். குறை எங்கே என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். அவர் திரும்பி வரும்போது அதைப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு இடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தால் மறுபடியும் கீழே போய்விடுவார். என் முதல் சட்டைக்கு அந்த அம்மா குடித்த டீயில் ஒரு படகே மிதந்திருக்கும்.

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அவ்வளவு அதிசயம் அது. முன்னூறு வருஷத்துக்கு முந்திய மாலுமிச் சட்டையில் வளைவு வெட்டே கிடையாது. எல்லாம் சதுரம், நீள்சதுரம். லினன் துணியில் ஒரு ஊடு நூலை மட்டும் பிடித்து மெதுவாக உருவ வேண்டும். நூல் வெளியே வந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டிலேயே கத்தரிக்கோல் போக வேண்டும். சாக்பீஸும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம். அக்குளுக்கு ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்துவிட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் சட்டை இழுக்காது. கப்பலில் கயிறு இழுக்கிறவனுக்கு வேறு என்ன வேண்டும்? தையல் நூலைத் தேன்மெழுகில் இழுத்து, விரலால் உருவி, பின்தையல் போட வேண்டும். காற்சட்டையின் பின்பக்கம் ஏன் இப்படிப் பை மாதிரி தொங்குகிறது என்று கேட்டேன். பொத்தானுக்கு உள்ளே ஏன் மரக்கட்டை என்று கேட்டேன். டெய்சி ஒவ்வொன்றையும் வாடிக்கையாளருக்கு எழுதிக் கேட்பாள். அவர்களும் சந்தோஷமாகப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவார்கள். பர்மிய மொழியில் ஏன் என்பதற்கு பாலோலே என்று சொல்வோம். டோ கின் மே எனக்கு மா பாலோலே என்றே பெயர் வைத்துவிட்டார். கடைசி நாள்வரைக்கும் அந்தப் பெயர்தான்.

துணி மட்டும் என்றில்லை. தோல் பை, வார், தொப்பி, மண் குவளை எல்லாம் கேட்பார்கள். குவளைக்கு த்வாண்டேயில் ஒரு குயவர் அகப்பட்டார். எருமைக் கொம்புப் பொத்தானுக்கு மாவ்பி சந்தைக்குப் போவோம். தார் பூசிய தொப்பி கேட்டபோதுதான் கூத்து. தெருவில் ரோடு போடுகிறவர்களிடம் தார் வாங்கி வந்து பூசிவிட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சித்திரை வெயிலில் பெட்டிக்குள் உருகி, தொப்பி அட்டையோடு ஒட்டிக்கொண்டு, அட்டை எதுவரை தொப்பி எதுவரை என்றே தெரியவில்லை. டோ கின் மே அதையும் புரட்டிப் பார்க்க முயன்றார், முடியவில்லை. பிறகு த்வாண்டே கால்வாயில் படகுக்குக் குங்கிலியம் காய்ச்சிப் பூசுகிறவர்களைப் பிடித்தோம். அதுதான் நின்றது.

கரண்ட் போவதைப் பற்றி எல்லாரும் புலம்புவார்கள். எங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்துத் தையற்கடைகளில் ஜெனரேட்டர் அலறும். நாங்கள் ஜன்னல் வெளிச்சம் நகர நகரப் பாயை நகர்த்திக்கொண்டு தைப்போம்.

இனி மஞ்சளுக்கு வருகிறேன். புதுத்துணி உடுத்துமுன் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைப்பது நம் வீடுகளில் பழக்கம். நான் தைத்து முடித்த எந்தத் துணியையும் மஞ்சள் வைக்காமல் கையைவிட்டு விட்டதில்லை. உள் மடிப்பில், யார் கண்ணுக்கும் தெரியாத மூலையில், தண்ணீரில் குழைத்த மஞ்சளை மோதிர விரலால் ஒரு தொடு. டோ கின் மே முதல் சட்டையிலேயே அதைப் பார்த்தார். இது என்ன என்றார். சொன்னேன். போடுகிறவர் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தார். அதோடு சரி.

அந்த மஞ்சளைக் கண்டுபிடித்துக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் ஆலன். இங்கிலாந்தில் கடலோர ஊர்க்காரர். தண்ணீர் வாரியத்தில் வேலை. எங்களுடைய ஆரம்ப காலத்து வாடிக்கையாளர். மற்றவர்களில் பாதிப் பேர் அவர் சொல்லி வந்தவர்கள். என் எல்லாச் சட்டையிலும் ஒரு மஞ்சள் கறை இருக்கிறதே, நுழைவாயில்காரர் அதைப் பூஞ்சை என்கிறார், என் மகள் குழம்பு என்கிறாள், என்ன அது என்று எழுதிக் கேட்டிருந்தார். டெய்சி விளக்கம் எழுதினாள். அடுத்த சந்திப்பில் அவர் சட்டை ஓரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பார், எனக்கு ரங்கூனில் காப்புப் போட்டிருக்கிறார்கள் என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாராம். என்னை மாதிரியே கேள்வி கேட்கிற ஆள் என்று அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று. வயசான மனுஷன் எதுக்கய்யா திருடன் வேஷம் போடுறீர் என்று நானும் பதிலுக்குக் கேட்டு எழுதச் சொன்னேன். வருஷம் பூரா மேலதிகாரி சொல்வதைக் கேட்கிறேன், சில நாளாவது மேலதிகாரி இல்லாத ஆளாக இருந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

அவர் முகம் எனக்குத் தெரியாது. போட்டோ அனுப்பினாலும் தொப்பியும் தாடியும்தான் இருக்கும். ஆனால் தோள் தெரியும், கை நீளம் தெரியும், இடுப்பு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் இடுப்பில் கொஞ்சம் கூட்டிக்கொண்டே வந்தவள் நான். பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு ஊ சேர்த்து, ஊ ஆலனுக்கு இந்த வருஷமும் நல்ல சாப்பாடு என்று சிரித்துக்கொள்வோம்.

ஒருநாள் அவரிடமிருந்து புதுமாதிரி ஆர்டர் வந்தது. கெட்டிப் பாய்மரத் துணியில் ஒரு ஆள் நீளத்துக்குப் பை. கப்பலில் மாலுமிகள் படுக்கும் தொங்கு படுக்கை மாதிரி, இரண்டு முனையிலும் கயிறு கோக்கத் துளை. முன்பக்கம் நெடுகத் திறந்திருக்க வேண்டும். கால்மாட்டில் கனமான உருண்டை வைக்க உள்பை. டோ கின் மே சரி என்று சொல்லச் சொல்லிவிட்டார். ஆலன் கேட்ட எதையும் அவர் மறுத்ததில்லை. ஆனாடே என்போம் நாங்கள்; மற்றவர் மனம் கோணுமே என்று இல்லை என்ற சொல் வாயில் வராது. எதற்கு இது என்றுகூட அந்த அம்மா கேட்கவில்லை.

கெட்டித் துணிக்கு உள்ளங்கையில் தோல் கட்டிக்கொண்டு ஊசியைத் தள்ள வேண்டும். பக்கத் தையல் முடிந்து கால்மாட்டுக்கு வந்தேன். படுக்கையில் கால்மாட்டில் எதற்குக் கனம்? எனக்குத் தாங்கவில்லை. கேளேன் டெய்சி, கேளேன் என்று அரித்துக் கேட்க வைத்தேன். பதில் வந்தது. டெய்சி போனைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள். அந்தக் காலத்தில் கப்பலில் செத்தவனை அவன் படுக்கையிலேயே வைத்துத் தைத்து, காலடியில் பீரங்கிக் குண்டு வைத்துக் கடலில் இறக்குவார்களாம். நிஜமாகவே செத்துவிட்டானா என்று பார்க்கக் கடைசித் தையலை மூக்கில் போடுவார்களாம். வருகிற கோடைச் சந்திப்பில் அதை நடித்துக் காட்டப் போகிறார்கள். மூக்குத் தையல் சும்மா பாவனைதான். பிணமாகப் படுக்கப் போகிறவன் நான், அதனால் என் அளவுக்கே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார் ஆலன்.

நாங்கள் எல்லாரும் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. உயிரோடு இருக்கிற ஆளின் அளவெடுத்துப் பிணத்துணி தைக்கிறதாவது? கூட இருந்த பர்மியப் பெண்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள். செத்தவருக்குப் போடும் கோடித் துணிக்கு எங்கள் வீட்டில் மஞ்சள் வைப்பதில்லை. புதுத்துணிக்கு வைக்காமல் விடுவதில்லை. இது எதில் சேர்த்தி? டோ கின் மே வந்து பார்த்தார். முடியாத பையை மடித்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார். சரி என்று சொன்ன வாக்கையும் மீற முடியாது, எங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அந்த அம்மா அப்படித் தவித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பை அலமாரியில் கிடந்தபோதுதான் பாங்காக் வழியாக ஒரு பார்சல் வந்தது. ஆலனின் பழைய நீலக் கோட்டு. கோடைச் சந்திப்புக்கு அதைத்தான் போடப்போகிறேன், இடுப்பையும் மார்பையும் பிடித்துக் கொடுங்கள் என்று புது அளவு எழுதியிருந்தார். கோட்டை மடியில் விரித்தேன். நான் தைத்த கோட்டு, நான் கூட்டிய இடுப்பு. முழங்கை தேய்ந்து, கழுத்துப்பட்டை வியர்வையில் கறுத்து, கடல் உப்பு வாசனையோடு வந்திருந்தது. புது அளவுக்கு இரண்டு பக்கமும் மடித்து ஊசி குத்தினேன். மடிப்பு என் உள்ளங்கையை விட அகலமாக வந்தது. அளவு தப்போ என்று மறுபடி பார்த்தேன். தோளும் இறங்கியிருந்தது. சாப்பாட்டைக் குறைத்து இளைத்தவனுக்குத் தோள் எலும்பு இறங்குமா? ஊசி குத்திய கோட்டை டெய்சியிடம் தூக்கிக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேட்டு எழுது என்றேன். மாட்டேன் என்றாள்.

"ஒரு மனுசன்கிட்ட, நீ சாகப் போறியான்னு எப்டிடி கேக்குறது? ஒனக்கு வார்த்தைனா அவ்ளோ எளப்பமா?"

டோ கின் மேயும் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆலன் சொல்லாததை நாம் கேட்கக் கூடாது, அவருக்குச் சங்கடம் என்றார். நியாயம்தான். ஆனால் அந்தப் பையை நான் முடிக்க வேண்டுமே. விளையாட்டுக்கா, நிஜத்துக்கா என்று தெரியாமல் எந்தக் கையால் தைப்பது? அதோடு, இத்தனை வருஷமாக அந்த மனுஷனும் நானும் பொத்தானையும் மடிப்பையும் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். சின்னக் கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு இந்தப் பெரிய கேள்விக்கு வாயை மூடிக்கொள்வது எனக்கு அசிங்கமாகத் தோன்றியது. வேறு வார்த்தை போடாதே டெய்சி, நான் சொல்கிறதை மட்டும் எழுது என்றேன்.

"ஐயா, கோட்ட மடிச்சுப் பாத்தேன். ஒடம்பு ரொம்ப எறங்கிப் போச்சு. அந்தப் பை வெளையாட்டுக்கா, நெசமாவே ஒங்களுக்கா? நா எப்டித் தைக்கணுங்கறது அதுலதான் இருக்கு. அதுனால கேக்குறேன்."

டெய்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதி அனுப்பினாள். பதில் வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. ஒரு நல்ல மனுஷனைப் புண்படுத்திவிட்டோமே, வாடிக்கையும் போச்சே, டோ கின் மே முகத்தில் எப்படி முழிப்பது என்றெல்லாம் பயம்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. கோபம் இல்லை அதில். இரண்டுக்கும்தான் என்று எழுதியிருந்தார். டாக்டர் சொல்லிவிட்டார், இந்தக் கோடை உண்டு, அடுத்த கோடை கிடையாது. மகளுக்கு மட்டும் தெரியும். கப்பல் கூட்டாளிகளுக்குத் தெரியாது. செத்த பிறகு அவர்கள் என்ன பேசுவார்கள் என்று கேட்க ஆசை, அதற்காக ஒரு தடவை உயிரோடு படுத்துக் கேட்கப்போகிறேன். அப்புறம் வேளை வரும்போது அதே பையில் என்னைப் புதைக்க மகளிடம் சொல்லியிருக்கிறேன், எங்கள் ஊரில் அப்படிப் பெட்டியில்லாமல் புதைக்க ஒரு வயல் இருக்கிறது. உடம்பு மெலிந்ததைப் பார்த்த எல்லாரும் நன்றாக இளைத்துவிட்டாய் என்று பாராட்டினார்கள். கேட்டது நீங்கள் ஒருவர்தான். நன்றி. இவ்வளவுதான் அவர் எழுதியது.

டெய்சி படித்து முடித்தாள். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. டோ கின் மே எழுந்து போய் அலமாரியிலிருந்து பையை எடுத்தார். ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்து உள்ளங்கையில் தோலைக் கட்டிக்கொண்டார். நான் அங்கே இருந்த காலம் முழுக்க அவர் எங்கள் தையலைத் தடவிப் பார்த்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவரே தைக்கப் பார்த்தேன். கால்மாட்டு உள்பையை அவர்தான் வைத்தார். ஊசி ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கியது. அவர் தைப்பதைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி துளைகளுக்கு நூல் சுற்றினாள், ஒருத்தி கயிறு முறுக்கினாள். முன்பக்கத் திறப்பை யாரும் தொடவில்லை. அது அவருடைய ஆட்கள் தைக்க வேண்டிய தையல்.

நான் கோட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். துணியை வெட்டாமல் மடிப்பை உள்ளேயே விட்டுத் தைத்தேன். ஒருவேளை உடம்பு தேறிவிட்டால் பிரித்துக்கொள்ளலாமே என்று ஒரு நப்பாசை. டெய்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பை முடிந்தது. டோ கின் மே வழக்கப்படி அதை உள்ளும் புறமுமாகப் புரட்டினார். கட்டைவிரலை ஓட்டினார். பிறகு மடித்து வைப்பார் என்று பார்த்தால், கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்துவிட்டுக் கீழே டீக்கடைக்குப் போய்விட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத் தையல் என்னுடையது. விரல் விட்டுப் பார்த்தேன், ஒரு தையல்கூடக் கோணவில்லை. துளைகளைப் பார்த்தேன். கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அவரே தைத்த உள்பையைக்கூடத் துணிந்து பார்த்துவிட்டேன். குறையே இல்லை. டெய்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மா திரும்பி வருகிற காலடி படியில் கேட்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மூலை வெறுமையாக இருந்தது. புத்தர் முன்னால் பூ வைத்துக் கும்பிடுகிற அம்மா, அந்த முதல் சட்டைக்குப் பிறகு நம் வழக்கத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்டறியாத அம்மா, மஞ்சள் எங்கே என்று என்னைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் உள்ளே வரும்போது நான் மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தேன். பாயை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் உயிரோடு இருக்கிற மனுஷன்தானே இதற்குள் படுக்கப்போகிறார், அப்படியானால் இது புதுத்துணிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தலைமாட்டு மூலையில் விரலை வைத்தேன். எப்போதும் வைப்பதைவிடக் கொஞ்சம் பெரிய பொட்டாகவே விழுந்துவிட்டது.

கோடைச் சந்திப்பு முடிந்து ஆலன் எழுதினார். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு பைக்குள் படுத்தாராம். கூட்டாளிகள் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். ஒருவன் தான் கடன் வாங்கிய சுத்தியலைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டான். ஒருவன் அவர் பாட்டுக் கொடுமையிலிருந்து இனி விடுதலை என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் வந்த ஒரு முரட்டு ஆள் ஒன்றும் சொல்ல வராமல் துணியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றானாம். அது போதும் எனக்கு என்று எழுதியிருந்தார். கீழே ஒரு கேள்வி. மஞ்சளைப் பார்த்தேன், சந்தோஷம். இது உயிரோடு இருக்கிறவனுக்கு வைப்பது என்று சொல்லியிருக்கிறீர்கள். நிஜமாகவே வேளை வரும்போது இதை என்ன செய்ய வேண்டும்?

கடைசிவரைக்கும் கேள்விதான் அந்த மனுஷனுக்கு. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சோப்புப் போட வேண்டாம், மஞ்சளில் சோப்புப் பட்டால் ரத்தம் மாதிரிச் சிவந்துவிடும். கசக்கவும் வேண்டாம். வெயிலில் காயப் போட்டால் போதும். எந்த மஞ்சளானாலும் நல்ல வெயிலில் தானாகப் போய்விடும். இங்கே ஒரு பகல் வெயிலுக்கே பாதி போய்விடும் என்று எழுதச் சொன்னேன். மகளிடம் சொல்லி வைக்கிறேன் என்று பதில் போட்டார்.

எங்கள் ஊரில் பனி இறங்கிய சமயம் அவர் மகளிடமிருந்து செய்தி வந்தது. அன்றைக்குக் கரண்ட் இல்லை. டெய்சி ஜன்னலோரம் போய் நின்று படித்தாள். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். நீலக் கோட்டைப் போட்டு வைத்திருக்கிறோம். பையைக் கொடியில் போடச் சொல்லியிருந்தார், அவர் போன அன்றைக்கே போட்டோம். ஆனால் இங்கே விடாமல் மழை. போடுகிறோம், மழை வருகிறது, உள்ளே எடுக்கிறோம், மறுபடி போடுகிறோம். வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாளைக்குப் புதைக்க வேண்டும். மஞ்சள் அப்படியே இருக்கிறது. என்ன செய்யட்டும்?

டோ கின் மே என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். முகம் தெரியாத ஒரு பெண் எங்கோ ஒரு கொல்லையில் நனையாமல் துணியை எடுத்து எடுத்துப் போடுகிறாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இங்கிலாந்தில் வெயில் இருக்குமா இருக்காதா என்று யோசிக்காமல் சொன்னேனே என்று சிரிப்பும் வந்தது. ஊரில் உள்ளதையெல்லாம் கேட்கிறவள், இதைக் கேட்காமல் போனேன். இரண்டும் சேர்ந்து வந்ததில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். டெய்சி போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மஞ்சளோடவே போகட்டும்னு எழுது டெய்சி" என்றேன். "தப்பொண்ணும் இல்ல. புதுத்துணி உடுத்திக்கிட்டு எங்கயோ பொறப்பட்ட மாதிரியே போகட்டும்."

டெய்சி எழுத ஆரம்பித்தாள். எங்கள் மஞ்சள் விவகாரத்தில் அதுவரை அவள் ஒட்டியதே இல்லை. ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று எட்டிப் பார்த்தேன். இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். உடம்பு தேறினால் பிரித்துக்கொள்ள என்று கோட்டின் மடிப்புக்குள் வெட்டாத துணி இருக்கிறது, அதையும் பிரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.